ஆயா சொன்ன கணக்கு

அபிஷேகப்பாக்கத்தில் 8ஆம் வகுப்புக்கு மக்கள்தொகை பற்றிப் பேசியபோது, மூன்று தலைமுறைக் குடும்ப அளவைக் கேட்டு எழுதிவரச் சொன்னேன். "அந்தக் காலத்துல விவரம் தெரியாம எட்டுப் பிள்ளை பெத்துக்கிட்டாங்க சார்" என்றான் ஒருவன். மறுநாள் அவனே திருத்தினான்: "ஆயாவுக்குப் பொறந்தது எட்டு, தங்கினது நாலுதான் சார்." வகுப்பு அமைதியானது.

அப்போது எஸ். சந்திரசேகரை அறிமுகப்படுத்தினேன். 1918இல் ராஜமுந்திரியில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, நியூயார்க் பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் முனைவர் பட்டம் பெற்றவர். 1967இல் மத்திய அரசில் சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாட்டுத் துறை அமைச்சரானார். கருத்தடை செய்துகொள்வோருக்கு டிரான்சிஸ்டர் வானொலி தரும் யோசனையை முன்வைத்தார். பின்னர் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். 1972இல் வெளியான அவரது நூல் குழந்தை இறப்பையும் குடும்பக் கட்டுப்பாட்டையும் சேர்த்தே ஆராய்ந்தது.

"குடும்பம் சிறுத்தது வானொலியாலா, தடுப்பூசியாலா, பெண்கள் படித்ததாலா?" என்று கேட்டேன். பிறந்த பிள்ளை பிழைக்கும் என்ற நம்பிக்கை முதலில் வேண்டும் என்பதை மாணவர்களே கண்டார்கள்.

இதை நடத்தும் ஆசிரியர்கள் பெயர் எழுதாத துண்டுச்சீட்டில் விவரம் வாங்குங்கள். எந்த வீட்டுத் துயரமும் வகுப்பில் அம்பலமாகக் கூடாது.