கேட்டது கால் பங்கு

அலோர் காஜா வட்டாரத்தில் உயர்கல்விக்கு நெடுந்தொலைவு போக வேண்டியதில்லை. மஸ்ஜித் தானாவை அடுத்த லொண்டாங்கில் மலாக்கா மெட்ரிகுலேஷன் கல்லூரி இருக்கிறது. டுரியான் துங்காலில், 2000ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்று இன்று ‘யூடெம்’ எனப்படும் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இன்று இடைநிலைப்பள்ளியில் பயிலும் உங்களில் சிலர், எஸ்.பி.எம். தேர்வுக்குப் பின் இத்தகைய ஓரிடத்தின் விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருப்பீர்கள்.

முதல் வாரத்திலேயே வேறுபாடு தெரிந்துவிடும். பள்ளியில் ஆசிரியர் வெண்பலகையில் எழுதுவார். நம் பயிற்றியைத் திருத்துவார். புரியாத முகத்தைக் கண்டால் மறுபடியும் சொல்வார். விரிவுரையாளர் பெரிய கூட்டத்துக்குப் பேசுகிறார். திரையில் படவில்லைகள் ஒன்றன்பின் ஒன்றாக மாறுகின்றன. பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோ நடக்கும். எழுதினோமா, புரிந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை. வீட்டிலிருந்து முதன்முதலாக உயர்கல்விக்குச் செல்லும் பிள்ளைக்கு இது இன்னும் கடினம். தோட்டத்தில் உழைத்துப் படிக்க வைத்த பெற்றோர் பணம் அனுப்பலாம், ஊக்கம் கொடுக்கலாம். விரிவுரையை எப்படிக் கேட்பது என்று சொல்லித்தர அவர்களுக்கு வாய்ப்பில்லை.

தமிழில் ‘பாடம் படித்தல்’ என்பதோடு ‘பாடம் கேட்டல்’ என்றும் சொல்கிறோம். ஏடுகள் அரிதாக இருந்த காலத்தில் ஆசிரியர் வாய்மொழியே மாணவருக்குப் பாடநூல். 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் இலக்கண நூல்தான். எனினும் அதன் பொதுப்பாயிரத்தில் பாடம் கேட்கும் முறைக்கும் இடம் உண்டு. அங்கே ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியர் சொன்னதை நன்றாக மனத்தில் வாங்கினாலும் மாணவர் பெறுவது கால் பங்கு கல்விதான். உடன் பயில்வோரோடு பழகுவதால் இன்னொரு கால் பங்கு கிடைக்கும். மீதி அரைப் பங்கு, தாம் கற்றதைப் பிறருக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் வந்து சேரும்.

இது அளந்து பார்த்த கணக்கு அன்று. பட்டறிவில் பிறந்த கணக்கு. ஆனால், அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்னும் உளவியலாளர் இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அருகே வருகிறது. மாணவர்கள் சிறு உரைப்பகுதி ஒன்றைப் படித்தார்கள். ஒரு பிரிவினர் அதையே திரும்பப் படித்தனர். மற்றவர்கள் அதைப் பார்க்காமல், நினைவில் நின்றதை எழுதினர். ஐந்து நிமிடத்துக்குப் பின் சோதித்தபோது, திரும்பப் படித்தவர்களே முன்னே நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலை மாறியது. நினைவிலிருந்து எழுதியவர்கள் முந்தினார்கள். தேர்வுக்கு முதல்நாள் இரவு குறிப்பேட்டைப் புரட்டிவிட்டு, ‘எல்லாம் தெரியும்’ என்று உறங்கப் போகும் மாணவர் ஏமாறுவது இதனால்தான்.

அப்படியானால் மண்டபத்தில் என்ன செய்வது? படவில்லைகளை வரிக்கு வரி படியெடுப்பது வீண் வேலை. அவை பெரும்பாலும் பின்னர் இணையத்தில் கிடைத்துவிடும். கிடைக்காதது விரிவுரையாளர் வாயால் சொல்வது: ஓர் எடுத்துக்காட்டு, ஒரு காரணம், “இங்கேதான் பலர் தவறுகிறார்கள்” என்னும் எச்சரிக்கை. அவற்றை எழுதுங்கள். எந்த மொழியில் விரைவாக வருகிறதோ அந்த மொழியில் எழுதலாம். அது உங்கள் குறிப்பு. நன்னூல் கடைநிலை மாணவரை நெய் வடிகட்டும் பன்னாடைக்கு ஒப்பிடுகிறது. அது நெய்யை விட்டுவிட்டுக் கசடை வைத்துக்கொள்ளும். விரிவுரையாளரின் நகைச்சுவையை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள் போலும்!

முதல்நிலை மாணவருக்கு அதே நூல் காட்டும் உவமைகளுள் ஒன்று பசு. பசு புல்லைக் கண்டபோது வயிறார மேய்ந்துவிட்டு, பிறகு ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும். அசைபோடுவதற்கு வசதியான குறிப்பு முறை ஒன்றைக் கோர்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்டர் பாக் வகுத்தார். தாளின் இடப்பக்கம் ஒடுங்கிய பகுதி. வலப்பக்கம் அகன்ற பகுதி. அடியில் சிறிது இடம். விரிவுரையின்போது வலப்பக்கத்தில் மட்டும் எழுத வேண்டும். அன்று மாலையே, எழுதியதைப் படித்து இடப்பக்கத்தில் வினாக்களை எழுத வேண்டும். அடியில் சாரத்தை இரண்டு மூன்று வரியில் தர வேண்டும். பிறகு வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு இடப்பக்க வினாக்களுக்கு விடை சொல்லிப் பார்க்கலாம்.

மீதி அரைப் பங்குக்குத் தோழர் ஒருவர் வேண்டும். உயிரியல் விரிவுரையில் சவ்வூடுபரவல் கற்பித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். விடுதி அறையில் ஒருவர் மற்றவருக்குத் தமிழிலேயே விளக்குகிறார்: “மாங்காயை உப்பில் போட்டால் தண்ணீர் விடுகிறது அல்லவா? வெளியே உப்புச் செறிவு அதிகம். அதனால் உள்ளிருக்கும் நீர் உயிரணுச் சவ்வு வழியே வெளியேறுகிறது.”

கேட்டவர் உடனே மடக்குகிறார்: “சரி, சவ்வு நீரை மட்டும் எளிதில் விடும் என்றால், நாலு நாளில் மாங்காயின் உள்ளேயும் எப்படி உப்புக் கரிக்கிறது?”

விளக்கியவர் விழிக்கிறார். படவில்லையில் இதற்கு விடை இல்லை. உப்பில் கிடந்து உயிரணுக்கள் மடிந்தபின் சவ்வு கட்டுப்பாட்டை இழக்கிறது. உப்பும் உள்ளே புகுகிறது. இது அவர்கள் இருவருக்குமே தெரியவில்லை. வினாவைக் குறிப்பேட்டின் இடப்பக்கத்தில் எழுதிக்கொள்கிறார்கள். மறுநாள் பயிற்சி வகுப்பு இருக்கிறது.