மன்னன் மூக்கில் மலைநாட்டு மிளகு



வெலிங்டன் தீவில் வாழும் நம் அன்பர் ஒருவரின் தந்தையார் அண்மையில் காலமானார். அடக்கம் முடிந்த மறுநாள் யான் அங்குச் சென்றிருந்தபோது, உறவின்முறையார் கூடிப் பதினாறாம் நாள் காரியத்திற்கு வட்டிக்குக் கடன் வாங்குமாறு மூத்த மகனை வற்புறுத்திக் கொண்டிருந்தனர். "ஐயா, சிக்கனமாகச் செய்தால் தந்தைக்குக் குறை வைத்தவன் ஆவேனோ?" என்று அவர் என்னை வினவினார். அவருக்கு விடையாக அன்று கூறிய வரலாற்றையே இங்குப் பாடமாக எழுதுகின்றேன்.

இறந்தோர்க்காகப் பெரும்பொருள் செலவிட்டவர்களுள் தலையாயவர் பண்டை எகிப்தியர். இறந்தவன் மறுமையில் வாழ்தற்கு அவன் உடல் அழியாதிருத்தல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை. ஆகவே, மன்னனோ செல்வனோ இறப்பின், அதற்கெனப் பயின்றோர் உடலை ஏற்றுக்கொள்வர். மூளையை மூக்கின் வழியே கொக்கியால் வெளியேற்றி எறிந்துவிடுவர். இடப்பக்க வயிற்றைக் கீறி ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் என்னும் நான்கையும் எடுத்து நான்கு சாடிகளில் வைப்பர். அறிவு உறையுமிடம் இதயமே என்று அவர் நம்பினமையால் அதனை மட்டும் உள்ளேயே விடுவர். பின்னர் நம் வண்ணார் வெளுப்புக்கு எடுக்கும் உவர்மண்ணை ஒத்த நேட்ரான் என்னும் உப்பில் நாற்பது நாள் புதைத்து, உடலின் ஈரத்தை வற்றச் செய்வர். ஈரம் அற்ற இடத்தில் அழுகல் இல்லை. கருவாடு கெடாதிருப்பதும் இதனாலேயே. அதன்பின் எண்ணெயும் பிசினும் பூசி, நார்ப்பட்டுத் துணியைப் பட்டைகளாகக் கிழித்துச் சுற்றுவர். யாவும் நிறைவேற எழுபது நாள் ஆகும்.

இங்கு ஒன்று கவனிக்கத் தக்கது. ஈரல், நுரையீரல், குடல், மூளை என்று அவர் பிரித்தெடுத்தவற்றையே நம் பௌத்த நூல்களும் உடலின் முப்பத்திரண்டு கூறுகளுள் எண்ணுகின்றன. அவர் காத்து வைக்க எண்ணினார். நாம் பற்று நீங்க எண்ணுகின்றோம்.

இத்தீவிலிருந்து காயலுக்கு அப்பால் தெரிவது மட்டாஞ்சேரி. அங்குள்ள பண்டகசாலைகளில் மிளகு வாணிகம் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்துள்ளது. எகிப்தை ஏறத்தாழ அறுபத்தாறு ஆண்டுகள் ஆண்டு கி.மு. 1213 அளவில் மாண்ட இரண்டாம் ராம்சேஸ் மன்னனின் மூக்குத் துவாரங்களில் மிளகு மணிகள் இருத்தலை ஆராய்ச்சியாளர் கண்டனர். மூக்கின் வடிவம் குலையாதிருத்தற்கு அவை இடப்பட்டன. மிளகுக்கொடி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு உரியது. இம்மலைநாட்டுச் சரக்கு, மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பல கை மாறிக் கடல் கடந்து, ஒரு பேரரசனின் பிணத்திற்குக் காவலாயிற்று!

ஆனால், இச்சிறப்பு எல்லார்க்கும் கிட்டியதா? கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எகிப்தைக் கண்ட கிரேக்கர் ஹெரோடோட்டஸ், பிணம் பதனிடுதலில் செல்வர்க்கு ஒன்று, இடைத்தரத்தார்க்கு ஒன்று, எளியோர்க்கு ஒன்று என மூன்று தரமும் மூன்று விலையும் இருந்தன என்று எழுதியுள்ளார். அதற்கும் வகையற்றோர் பாலைமணலிற் புதைக்கப்பட்டனர். அச்சுடுமணலோ ஈரத்தை உறிஞ்சிப் பல ஏழைகளின் உடலையும் காசின்றியே உலர்த்திக் காத்தது. இயற்கை தரம் பார்க்கவில்லை, மாந்தரே பார்த்தனர்.

அரச கல்லறைகளைக் குடைந்த தொழிலாளர் தேர் எல் மதீனா என்னும் சிற்றூரில் வாழ்ந்தனர். அவர்க்குக் கூலி தானியமாக அளக்கப்பட்டது. மூன்றாம் ராம்சேஸின் இருபத்தொன்பதாம் ஆட்சியாண்டில், கி.மு. 1157 அளவில், அக்கூலி நாட்கடந்தும் வரவில்லை. பசித்த தொழிலாளர் உளியைக் கீழே வைத்து வெளியேறி, மன்னர்க்குரிய கோயில்களின் அருகே அமர்ந்துவிட்டனர். எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் இஃதே என்பர். பல்லாண்டுகள் ஆலையில் நூல் நூற்ற எனக்கு இச்செய்தியைப் படித்தபோது கண் கலங்கிற்று. இறந்த மன்னனுக்குப் பொன். உயிரோடு உழைப்பவனுக்குப் பட்டினி!

அவ்வளவு செய்தும் பயன் யாது? கல்லறைகளைத் திருடர் சூறையாடினர். ராம்சேஸின் உடலைப் பிற்காலத்துக் குருமார் இடம் மாற்றி மாற்றி மறைத்தனர். 1881-இல் ஒரு மறைகுழியிலிருந்து அது வெளிவந்தது. அழியாது என்றிருந்த அவ்வுடலிலும் பூஞ்சணம் பற்றவே, 1976-இல் பாரிசு நகருக்குக் கொண்டு சென்று அதற்கு மருத்துவம் செய்ய நேர்ந்தது. 2021-இல் கெய்ரோவின் வேறோர் அருங்காட்சியகத்திற்கு மாற்றப்பட்டது. வேறு பல உடல்களையோ ஐரோப்பியர் பொடித்து மருந்தாக உண்டனர். ஓவியம் தீட்டும் வண்ணமாகவும் அரைத்தனர். அநித்தியத்தை மிளகும் உப்பும் தடுத்து நிறுத்தவில்லை.

பகவன் புத்தர் குசிநகரில் பரிநிப்பானம் எய்தியபோது மல்லர்கள் அவர் திருமேனியைப் புதுத்துணியாலும் பஞ்சாலும் சுற்றி எரியூட்டினர். எஞ்சிய தாதுக்களின்பொருட்டுப் பூசல் எழவே, துரோணர் என்னும் அந்தணர் அவற்றை எட்டுக் கூறாகப் பங்கிட்டு அமைதி செய்தார். ஆகவே இறந்தோரைப் போற்றுதல் நமக்கு விலக்கன்று. தமக்குப் பின் தம்மமே வழிகாட்டி என்று பகவன் அறிவுறுத்தியதை மறத்தல் ஆகாது என்பதே கருத்து.

என் தந்தையார் இறந்தபோது யானும் ஊராருக்கு அஞ்சிக் கடன் பட்டேன். அதை அடைக்க மூன்றாண்டு ஆயிற்று. அம்மூன்றாண்டும் என் தாயார்க்குக் கண் மருத்துவம் செய்ய இயலவில்லை. இறந்தவர்க்குக் குறை வைக்கலாகாது என்று எண்ணி இருந்தவர்க்குக் குறை வைத்தேன்.

இதனைக் கேட்ட அவ்வன்பர் கடன் வாங்கவில்லை. பதினாறாம் நாள் திரிசரணமும் பஞ்சசீலமும் ஓதி, வந்தோர்க்குக் கஞ்சி வார்த்து, கைப்பொருளில் எஞ்சியதைத் தம்பியின் பள்ளிச் சம்பளத்திற்குச் செலுத்தினார். உறவினர் சிலர் முகம் சுளித்தனர். அவருடைய தாயாரோ, "உங்கள் அப்பா இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பார்" என்றார்.

அன்பர்களே! தந்தைக்கு அவர் வைத்தது குறையா, நிறையா என்பதை நீங்களே ஆராய்ந்து தெளிவீர்களாக.

சர்வ மங்களம் உண்டாகுக!