நிலம் யாருடையது?

பாக்கியமும் ராமனும் கட்டட வேலை செய்பவர்கள். வாடகை வீட்டில் இருக்கிறார்கள். சொந்தமாக ஒரு மனை வாங்கச் சீட்டுக் கட்டிப் பணம் சேர்த்தார்கள்.

பக்கத்து ஊரில் மாரிமுத்து 5 சென்ட் நிலம் விற்கிறார் என்று தரகர் சொன்னார். இருவரும் போய்ப் பார்த்தார்கள். நிலம் பிடித்திருந்தது.

"நாளைக்கு வேற ஆள் வந்துடுவார். இன்னைக்கே 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்துடுங்க. பட்டாதான் இருக்கே!" என்றார் தரகர்.

பாக்கியம் பட்டாவை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். அதில் கோவிந்தன் என்று பெயர் இருந்தது.

"கோவிந்தன் யாரு அண்ணே?"

"எங்க அப்பாம்மா. இறந்து 6 வருஷம் ஆச்சு. நான் ஒரே மகன். நிலம் எனக்குத்தானே?" என்றார் மாரிமுத்து.

"கூடப் பிறந்தவங்க இல்லையா?"

"2 தங்கச்சிங்க. கட்டிக் கொடுத்தாச்சு."

பாக்கியம் கிராமத்தின் பெயர், புல எண், உட்பிரிவு எண் மூன்றையும் எழுதிக்கொண்டாள். முன்பணம் கொடுக்கவில்லை.

மறுநாள் எழுத்தறிவு மையத்தில் டீச்சரிடம் கேட்டாள்.

"பட்டா வருவாய்த் துறை தரும் ஆவணம். அது மட்டும் போதாது. பதிவு செய்த பத்திரத்தையும் பார்க்க வேண்டும்" என்றார் டீச்சர். "100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தை விற்றால் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும். 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் இப்படிச் சொல்கிறது. பதிவான விவரங்கள் வில்லங்கச் சான்றில் இருக்கும்."

இருவரும் சார்பதிவாளர் அலுவலகம் போனார்கள். 30 ஆண்டுகளுக்கு வில்லங்கச் சான்று கேட்டு மனு கொடுத்தார்கள். சான்றில் 2 பதிவுகள் இருந்தன.

1998இல் கோவிந்தன் அந்த நிலத்தை விலைக்கு வாங்கியிருந்தார். 2012இல் அதை அடமானம் வைத்திருந்தார். அடமானம் மீட்டதாகப் பதிவு இல்லை.

"கடன் எப்பவோ கட்டியாச்சு" என்றார் மாரிமுத்து.

"கட்டியிருந்தா நல்லது அண்ணே. மீட்ட ரசீதைப் பதிஞ்சு காட்டுங்க" என்றாள் பாக்கியம்.

டீச்சர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சம்பாதித்த சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு உண்டு. அவருடைய தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. திருமணம் ஆன மகளுக்கும் இதே பங்குதான். பரம்பரைச் சொத்திலும் மகனைப் போலவே மகளுக்கும் உரிமை தரும் திருத்தம் 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது.

கோவிந்தன் உயில் எழுதவில்லை. அவருடைய தாய் முன்பே இறந்துவிட்டார். வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்றில் 4 பெயர்கள் இருந்தன: மனைவி, மகன், 2 மகள்கள். அப்படியானால் மாரிமுத்துவின் பங்கு நான்கில் ஒன்றுதான்.

நிலம் விலை பேசியது தங்கைகளுக்கே தெரியாது. "எங்களைக் கேக்காம எப்படி விக்கலாம்?" என்று கோபப்பட்டார்கள். பேசி முடிக்க 3 மாதம் ஆனது. மாரிமுத்து அடமான ரசீதைத் தேடி எடுத்துப் பதிவு செய்தார். தாயும் 3 பிள்ளைகளும் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். பணத்தை நான்காகப் பிரித்துக்கொண்டார்கள்.

"அன்னைக்கே முன்பணம் கொடுத்திருந்தா பணமும் போயிருக்கும், அலைச்சலும் மிஞ்சியிருக்கும்" என்றான் ராமன்.

நினைவில் கொள்க

1. பட்டாவில் உள்ள பெயரும் விற்பவர் பெயரும் ஒன்றா என்று பாருங்கள்.
2. தாய்ப்பத்திரத்தின் அசலைக் கேளுங்கள். நகலை மட்டும் நம்பாதீர்கள்.
3. தமிழ்நாட்டில் பட்டாவையும் வில்லங்க விவரத்தையும் அரசு இணையதளங்களில் பார்க்கலாம்.
4. பதிவு செய்யாத உயில் வில்லங்கச் சான்றில் வராது. நிலத்தில் யார் இருக்கிறார்கள், வழக்கு உண்டா என்று அக்கம்பக்கத்தில் விசாரியுங்கள்.
5. பத்திரங்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே பணம் கொடுங்கள்.

பொருள் அறிவோம்

வில்லங்கம் – சொத்தின் மேல் உள்ள கடன், அடமானம் போன்ற பொறுப்பு
தாய்ப்பத்திரம் – சொத்து முன்பு யாரிடமிருந்து வந்தது என்று காட்டும் பழைய பத்திரம்

விடை எழுதுங்கள்

1. பட்டாவில் யார் பெயர் இருந்தது?
2. 2012இல் நிலத்துக்கு என்ன நடந்தது?
3. கோவிந்தனின் மகள்கள் ஏன் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது?
4. உங்கள் வீட்டு மனைப் பட்டாவை எடுத்துப் படியுங்கள். அதில் யார் பெயர் இருக்கிறது?