வீட்டுக்கு முன் அண்டை: நெல்லையில் குடியேறுவோர் கவனத்திற்கு

 

பிள்ளைகளின் படிப்பு, பெற்றோரின் வைத்தியம் என்று உடன்குடியிலிருந்தும் சுற்று ஊர்களிலிருந்தும் திருநெல்வேலிக்குக் குடிபோகிற குடும்பங்கள் ஆண்டுதோறும் இருக்கின்றன. பெரும்பாலும் வாப்பா வளைகுடாவிலோ சென்னையிலோ இருப்பார். வீடு பார்ப்பது மாமா, மச்சான், அல்லது ஒரு தரகர். குடியிருக்கப் போவதோ உம்மாவும் பிள்ளைகளும் வயதான பாட்டியும். "எந்தப் பகுதியில் வீடு பார்க்கலாம்?" என்று கேட்பவர்களிடம் ஒரு தெருவின் பெயரைச் சொல்லி முடித்துவிட முடியாது. எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற வரிசை தெரிந்தால் தெருவை அவர்களே கண்டுகொள்வார்கள். அந்த வரிசையை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

1. முதலில் தண்ணீர்

நாம் தேரிக்காட்டின் ஓரத்தில் வளர்ந்தவர்கள். நம் மண் எவ்வளவு மழையையும் உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் என்றால் நமக்குப் பற்றாக்குறைதான் நினைவுக்கு வரும். அதனால் ஆற்றங்கரை நகரத்தில் இடம் பார்க்கும்போது நம் கண்ணுக்குப் பல விஷயங்கள் படுவதில்லை.

நெல்லை தாமிரபரணியின் இரு கரையிலும் வளர்ந்த நகரம். ஒரு கரையில் நெல்லை டவுண், சந்திப்பு, தச்சநல்லூர், பேட்டை. மறுகரையில் பாளையங்கோட்டை, மேலப்பாளையம். 1843இல் கட்டப்பட்ட சுலோசன முதலியார் பாலம் இரண்டையும் இணைக்கிறது. 1994இல் இவற்றை ஒன்றாக்கி மாநகராட்சி ஆக்கினார்கள். ஆற்றோடு கதை முடிவதில்லை. டவுண் பக்கம் நெல்லைக் கால்வாய், மேலப்பாளையம், பாளையங்கோட்டைப் பக்கம் பாளையங்கால்வாய் என்று ஊருக்குள்ளேயே தண்ணீர் ஓடுகிறது. இந்தக் கால்வாய்களை நம்பிக் கார், பிசானம் என இரு போகம் விளைந்த வயல்களில் பல இன்று நகர்களாகிவிட்டன. வயல் வீடானாலும் தண்ணீர் தன் பழைய வழியை மறப்பதில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டர் மழை கொட்டியது. நெல்லையில் ஆறு கரை கடந்தது. சந்திப்புப் பேருந்து நிலையம் மூழ்கியது. மீனாட்சிபுரம், கைலாசபுரம், சிந்துபூந்துறை, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் எனக் கரையோரப் பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கொக்கிரகுளத்திலுள்ள ஆட்சியர் அலுவலகத்தையே வெள்ளம் சூழ்ந்தது. 1992 நவம்பரிலும் இந்த ஆறு இப்படிப் பெருகியதைப் பெரியவர்கள் சொல்வார்கள்.

இதனால் கரையோரப் பகுதிகளில் வீடே கூடாது என்று நாம் சொல்லவில்லை. அங்கே தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழ்கிறார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டு வாசலோடு நின்ற தண்ணீர் அடுத்த வீட்டில் இடுப்பளவு ஏறியிருக்கும். ஆகவே பகுதியின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாமல், பார்க்கிற வீட்டைப் பற்றிக் கேட்க வேண்டும். கேட்க வேண்டியது தரகரிடம் அல்ல. எதிர்வீட்டு அம்மாவிடம், தெருமுனைப் பலசரக்குக் கடைக்காரரிடம், பள்ளிவாசல் முஅத்தினிடம். "2023இல் தண்ணீர் எதுவரை வந்தது? வடிய எத்தனை நாள் ஆனது? அடிபம்பு, கழிப்பறை என்ன ஆயிற்று?" என்று கேளுங்கள். சுவரில் தண்ணீர் நின்ற தடத்தை அவர்களே கையால் காட்டுவார்கள்.

இடத்தின் பெயரையும் கவனியுங்கள். குளம், துறை, ஏந்தல், ஓடை என்று முடிகிற பெயர்கள் நம் முன்னோர் எழுதிவைத்த எச்சரிக்கைப் பலகைகள். புதிய பேருந்து நிலையம் இருப்பது வேய்ந்தான்குளத்தை ஒட்டித்தான். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கும் ஹைகிரவுண்ட் என்ற ஆங்கிலப் பெயருக்கோ மேட்டு நிலம் என்று பொருள். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்கிற ஒரு நாளில் போய்த் தெருவைப் பாருங்கள். கோடையில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான்.

2. அடுத்து பத்திரம்

வாடகைக்குப் போகிறவர்கள் இந்தப் பகுதியை விரைவாகப் படித்துவிட்டுப் போகலாம். வாங்குகிறவர்கள் நின்று படியுங்கள். வெளிநாட்டில் பதினைந்து வருடம் உழைத்த பணம் ஒரு மனையில் போய் விழுகிறது.

பட்டாவும் சிட்டாவும் பாருங்கள். அதில் நன்செய் என்றிருந்தால் அது வயலாக இருந்த நிலம். வாய்க்கால் எங்கே போனது என்று கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புல வரைபடத்தைப் பார்த்தால், ஓடையோ வாய்க்காலோ மனையைத் தொடுகிறதா என்பது தெரியும். வில்லங்கச் சான்றை முப்பது வருடத்துக்குப் போட்டுப் பாருங்கள். நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி பெற்ற மனையா என்று கேளுங்கள். 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட அனுமதியற்ற மனைகளை வரன்முறைப்படுத்த அரசு 2017இல் விதிகள் கொண்டுவந்தது. ஆனால் நீர்நிலையில் போட்ட மனைக்கு அந்தச் சலுகை கிடையாது. விலை மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம் இருக்கும். அந்தக் காரணம் தெரியும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் முஸ்லிம்களாகிய நாம் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். அந்த நிலம் வக்ஃபு சொத்தா? அல்லாஹ்வுக்காக விடப்பட்ட நிலத்தை விற்கவும் முடியாது, வாங்கவும் கூடாது. சந்தேகம் இருந்தால் உள்ளூர் ஜமாஅத்திலும் வக்ஃபு வாரிய அலுவலகத்திலும் விசாரித்துவிடுங்கள்.

நெல்லையில் ஒத்தி வீடு பழக்கம் அதிகம். சில லட்சங்களை வீட்டுக்காரரிடம் மொத்தமாகக் கொடுத்து, வாடகையில்லாமல் குடியிருந்து, காலம் முடிந்ததும் அதே தொகையைத் திருப்பி வாங்குவது. கொடுத்த கடனுக்கு ஆதாயமாக வீட்டை அனுபவிப்பது வட்டியின் வகையில் சேரும் என்று ஆலிம்கள் பலர் இதை விலக்குகிறார்கள். வாடகை மிச்சம் என்று இறங்குவதற்கு முன் நம்பிக்கையான ஆலிம் ஒருவரிடம் கேளுங்கள். நியாயமான அட்வான்சும் மாத வாடகையும் மனதுக்கு நிம்மதி. புது ஊரில் முதல் ஒரு வருடம் வாடகைக்கு இருந்து பார்ப்பது வாங்குகிறவர்களுக்கும் நல்லது. ஒரு மழைக்காலத்தை அங்கேயே பார்த்துவிடலாம்.

3. பிறகு பள்ளிவாசலும் பள்ளிக்கூடமும்

மேலப்பாளையத்தில் பாங்கு கேட்காத தெரு அரிது. மக்தப், ஹலால் இறைச்சி, பெண்கள் தயக்கமின்றி நடமாடும் கடைத்தெரு, செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தை என்று நம் ஊர்ச் சூழல் அங்கே கிடைக்கும். ஆனால் பழைய தெருக்கள் குறுகியவை. வீடுகள் நெருக்கம். கால்வாயில் கழிவுநீர் கலப்பது நெடுநாள் குறை. பேட்டையிலும் டவுண் பகுதியிலும் பழைய மஹல்லாக்கள் உண்டு. பாளையங்கோட்டை பள்ளிக்கூடங்களுக்கும் கல்லூரிகளுக்கும் பெயர் போனது. காயல்பட்டினத்தில் பிறந்த மார்க்க மேதையின் பெயரால் 1971இல் தொடங்கிய சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி அங்கே ரஹ்மத் நகரில் இருக்கிறது. திருச்செந்தூர் ரயிலும் பாளையங்கோட்டையில் நின்று போவதால் ஊருக்கு வந்துபோக வசதி. வாடகைதான் கூடுதல்.

"பள்ளிவாசல் பக்கத்திலேயே வேண்டும்" என்று பலர் சொல்கிறார்கள். நல்ல ஆசைதான். மதீனாவில் பனூ ஸலிமா கூட்டத்தார் மஸ்ஜிதுந் நபவிக்குத் தொலைவில் குடியிருந்தார்கள். அருகில் குடிவர விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்கள், இருக்கிற இடத்திலேயே இருக்கும்படியும், அவர்கள் எடுத்துவைக்கும் அடிகள் பதிவு செய்யப்படுவதாகவும் சொன்னார்கள். மதீனாவின் ஓரங்கள் ஆளின்றி வெறுமையாவதை அவர்கள் விரும்பவில்லை என்றும் ஹதீஸில் வருகிறது. ஆகவே பள்ளிவாசலுக்குப் பத்து நிமிடம் நடக்க வேண்டும் என்பதற்காக மேட்டிலுள்ள நல்ல வீட்டை விட்டுவிட்டு, பள்ளத்திலுள்ள வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. அந்த நடைக்கும் கூலி உண்டு.

4. எல்லாவற்றிலும் பெரியது அண்டை வீடு

வீட்டுக்கு முன் அண்டை வீட்டாரைப் பார் என்பது அரபு மக்களிடையே வழங்கும் பழமொழி. நல்ல அண்டை வீட்டாரை மனிதனின் நற்பேறுகளில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணினார்கள், விசாலமான வீட்டோடு சேர்த்து. ஜிப்ரீல் (அலை) அவர்கள் அண்டை வீட்டாரைக் குறித்து வலியுறுத்திக்கொண்டே இருந்ததில், சொத்திலும் பங்கு கொடுக்கச் சொல்லிவிடுவாரோ என்று தாம் எண்ணியதாகவும் சொன்னார்கள். அந்நிஸா அத்தியாயத்தின் 36ஆம் வசனம் உறவான அண்டை வீட்டாரையும் அந்நியரான அண்டை வீட்டாரையும் தனித்தனியே குறிப்பிடுகிறது. அந்நியர் என்ற சொல்லில் வேறு சமயத்தவரும் அடங்குவர் என்பது விரிவுரையாளர்கள் பலரின் விளக்கம்.

2023 வெள்ளத்தில் இதன் பொருளை நேரில் பார்த்தோம். சாலைகள் துண்டிக்கப்பட்டன. ரயில் பாதையின் அடியிலிருந்த மண் அரித்துப் போய், செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. கைப்பேசியும் பல இடங்களில் வேலை செய்யவில்லை. உடன்குடியிலிருந்து தம்பியோ மச்சானோ நெல்லைக்குப் போக வழியில்லை. துபாயிலிருந்து வாப்பா என்ன செய்ய முடியும்? அந்த இரவில் பாட்டியை மாடிக்குத் தூக்கிப்போக அருகில் இருந்தது பக்கத்து வீட்டுப் பையன்தான். அவன் பெயர் என்ன, மார்க்கம் என்ன என்று தண்ணீர் கேட்கவில்லை. செய்துங்கநல்லூரில் பள்ளிவாசல் கதவு திறந்தது. இந்துக் குடும்பங்கள் பல நாட்கள் அங்கே தங்கி உணவுண்டன.

சில இடங்களில் நமக்கு வீடு தர மறுக்கிறார்கள் என்பதும் உண்மை. அது வலிக்கிறது. அந்த வலிக்கு மருந்தாக நாம் மட்டும் தனித்திருக்கும் தெருக்களையே தேடினால், பக்கத்தில் வாழ்ந்து காட்டுகிற வாய்ப்பை நாமே இழக்கிறோம். நம்மில் வீடு வைத்திருப்பவர்களும் நல்ல குடும்பம் கேட்டு வந்தால் சமயம் பார்த்து மறுக்கக் கூடாது.

குடிபோன பிறகு செய்ய வேண்டியவையும் உண்டு. முதல் வாரத்திலேயே இருபுறமும் எதிர்ப்புறமும் உள்ள வீடுகளுக்குப் போய் வாருங்கள். கையில் ஒரு உடன்குடிக் கருப்பட்டி வட்டு இருந்தால் போதும், பேச்சு தானே தொடங்கும். யாருக்கு முதலில் கொடுப்பது என்று ஆயிஷா (ரலி) கேட்டபோது, வாசல் யாருக்கு மிக அருகிலோ அவருக்கு என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். அந்த மஹல்லாவின் ஜமாஅத்தில் குடும்பத்தைப் பதிவு செய்யுங்கள். நிக்காஹ் தஃப்தரோ ஜனாஸா நல்லடக்கமோ தேவைப்படும் நாளில் அறிமுகம் தேடி அலையக் கூடாது.

வீட்டில் கலந்து பேச

வீடு பார்க்கப் புறப்படும் முன், குடும்பமாக உட்கார்ந்து இந்தக் கேள்விகளுக்கு விடை தேடுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களையும் போனில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வீட்டில் 2023இல் தண்ணீர் எதுவரை வந்தது, யாரிடம் கேட்டோம்?

நள்ளிரவில் தண்ணீர் வந்தால் பாட்டியும் பிள்ளைகளும் ஏற மாடி உண்டா? பத்திரங்கள், மருந்துகள் எங்கே இருக்கும்?

ஆண்கள் இல்லாத நேரத்தில் பெண்கள் எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம்?

நம் கதவை யார் தட்டலாம்?

கடைசிக் கேள்விக்கு விடை, "யார் வேண்டுமானாலும்" என்று இருக்கட்டும். நல்ல இடத்தையும் நல்ல அண்டை வீட்டாரையும் அல்லாஹ் நம் எல்லோருக்கும் தருவானாக. நம்மையும் நல்ல அண்டை வீட்டாராக ஆக்குவானாக. ஆமீன்.