பத்தாம் வகுப்புக்குப் பின் ஆறு ஆண்டுகள்: ஒரு பாடவேளைத் திட்டம்

“நல்ல மார்க் வந்தால் மேல்நிலை, வராவிட்டால் பாலிடெக்னிக்.” பத்தாம் வகுப்பு மாணவர்களைப் பற்றிப் பேசும்போது நம் ஆசிரியர் அறையிலும் இந்தப் பேச்சு சாதாரணமாக அடிபடுகிறது. மதிப்பெண்ணை மட்டும் வைத்துப் பாதையைப் பிரிக்கும் இந்தப் பழக்கம் இரு பக்கத்துப் பிள்ளைகளையும் பாதிக்கிறது. கருவிகளைக் கண்டால் கை பரபரக்கிற மாணவன் 450 எடுத்துவிட்டால், பாலிடெக்னிக் பக்கம் திரும்பிப் பார்க்கவே யாரும் விடுவதில்லை. கணிதத்தில் திணறுகிற மாணவனோ, பாலிடெக்னிக்கில் கணிதம் அதிகம் இருக்காது என்று நம்பிப் போய், முதல் பருவத்திலேயே அரியர் வைக்கிறான்.

நான் நாமக்கல் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் நிறைந்த பகுதி எங்களுடையது. பெற்றோரில் பலர் அங்கே வெல்டராகவும் பெயின்டராகவும் வேலை பார்ப்பவர்கள். பொறியியல் என்ற சொல் எங்கள் பிள்ளைகளுக்குப் புதிதில்லை. அதற்குப் போகும் வழிகள்தாம் தெரிவதில்லை. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு பாடவேளையை இதற்கென்று ஒதுக்குகிறேன். அதை நடத்தும் முறையை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கட்டம் போடுதல் (15 நிமிடம்)

கரும்பலகையில் வரிசைக்கு ஏழு கட்டங்கள் வரைகிறேன். ஒரு கட்டம் ஓர் ஆண்டு. “பத்தாம் வகுப்பு முடித்து பி.இ. பட்டம் வாங்க எத்தனை கட்டம் தேவை?” என்று கேட்டு, மாணவர்களையே நிரப்பச் சொல்கிறேன்.

முதல் வரிசை: மேல்நிலை 2 ஆண்டு, பி.இ. 4 ஆண்டு. மொத்தம் 6.

இரண்டாம் வரிசை: டிப்ளமோ 3 ஆண்டு, நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர்ந்து 3 ஆண்டு. மொத்தம் 6.

மூன்றாம் வரிசை: மேல்நிலை 2 ஆண்டு, நேரடியாக டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர்ந்து 2 ஆண்டு, பிறகு பி.இ. 3 ஆண்டு. மொத்தம் 7.

நான்காம் வரிசை: ஃபிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற ஐ.டி.ஐ. பிரிவில் 2 ஆண்டு, டிப்ளமோ 2 ஆண்டு, பி.இ. 3 ஆண்டு. மொத்தம் 7.

முதல் இரண்டு வரிசைகளும் ஒரே இடத்தில் முடிவதைப் பார்த்ததும் வகுப்பில் சலசலப்பு எழும். பாலிடெக்னிக் போனால் பட்டம் கிடைக்காது, கிடைத்தாலும் நெடுங்காலம் ஆகும் என்றே பெரும்பாலோர் நினைத்திருப்பார்கள். டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்துத் தனிக் கலந்தாய்வு நடப்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடலாம்.

நடுவில் நின்றால் கையில் என்ன? (10 நிமிடம்)

அடுத்த கேள்விதான் எனக்கு முக்கியமானது. “வீட்டில் ஒரு கஷ்டம் வந்து படிப்பை நிறுத்த நேர்ந்தால், அந்தக் கட்டத்தில் உங்கள் கையில் என்ன சான்றிதழ் இருக்கும்?”

முதல் வரிசையில் இரண்டாம் கட்ட முடிவில் பிளஸ் டூ சான்றிதழ் இருக்கிறது. மூன்று, நான்கு, ஐந்தாம் கட்டங்களில் நின்றாலும் அதே பிளஸ் டூதான். இரண்டாம் வரிசையில் மூன்றாம் கட்ட முடிவில் டிப்ளமோ கைக்கு வந்துவிடுகிறது. ரயில்வேயில் இளநிலைப் பொறியாளர் தேர்வு எழுதலாம். தொழிற்சாலைகளில் உதவித்தொகையுடன் ஓராண்டு தொழிற்பழகுநர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அதே வரிசையில் ஒன்றாம், இரண்டாம் கட்டத்தில் நின்றால் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் மட்டுமே மிஞ்சும். இதையும் மறைக்காமல் எழுதிக் காட்டுகிறேன்.

எந்தக் கதவு மூடுகிறது? (10 நிமிடம்)

மேல்நிலைக்குப் போகாதவர்க்கு மருத்துவம், ஐந்தாண்டுச் சட்டப்படிப்பு, ஆசிரியர் பட்டயப் பயிற்சி போன்றவற்றின் வாசல் எளிதில் திறக்காது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்க்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதன்வழி பொறியியல் சேர்வோரின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பத்தாம் வகுப்போடு பாலிடெக்னிக் போகிறவர் இந்த வாய்ப்பை விட்டுச் செல்கிறார் என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும்.

மறுபக்கம், 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண், 2024-இல் தொடங்கிய தமிழ்ப்புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் பட்டப் படிப்புக்கு மட்டுமானதன்று, டிப்ளமோ, ஐ.டி.ஐ. படிப்போர்க்கும் உரியது. தமிழ்வழி மாணவர்கள் கேட்கும் கேள்விக்கும் விடை வைத்திருங்கள்: அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் சிவில், மெக்கானிக்கல் பிரிவுகளில் தமிழ்வழிப் படிப்பைத் தொடங்கியது.

கணித ஆசிரியை என்ற முறையில் ஒன்று சேர்த்துச் சொல்வேன். டிப்ளமோவில் கணிதப் பாடங்கள் பெரும்பாலும் முதலாண்டோடு முடிந்துவிடும். பி.இ. இரண்டாம் ஆண்டுக் கணிதமோ வகையீடும் தொகையீடும் பழகிய கையை எதிர்பார்க்கிறது. நேரடியாக அங்கே நுழைகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். பாலிடெக்னிக் போகும் பிள்ளைகளிடம், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் புத்தகங்களை வாங்கி வைத்துக்கொண்டு விடுமுறையில் கணக்குப் போடச் சொல்லி அனுப்புகிறேன்.

வீட்டுக்குப் போகும் தாள்

மீதி நேரத்தில் மாணவர்கள் இந்த அட்டவணையை ஒரு தாளில் எழுதி, வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள். அடுத்த வாரம் பெற்றோர் கூட்டம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவியின் அம்மா அந்தத் தாளோடு வந்தார். அப்பா வெல்டர், கண் பார்வை குறைந்துகொண்டு வருகிறது. தம்பி ஏழாம் வகுப்பு. பெண் கணிதத்தில் 96. அம்மாவின் கேள்வி ஒன்றுதான்: “இதுல எதுல சீக்கிரம் ஒரு சம்பளம் வருமுங்க டீச்சர்?” இரண்டாம் வரிசையின் மூன்றாம் கட்டத்தைக் காட்டினேன். அந்தப் பெண் உடனே அம்மாவைப் பார்த்துக் கேட்டாள்: “அதோட என்னைய நிறுத்திருவீங்களா?”

அம்மா பதில் சொல்லவில்லை. எந்த அட்டவணையிலும் இல்லாத கேள்வி அது. குடும்பத்துக்கு இளைப்பாறும் இடமாகத் தெரிகிற மூன்றாம் கட்டம், ஒரு பெண்ணுக்குப் படிப்பு முடிந்துபோகும் இடமாகிவிடலாம். மேல்நிலையில் சேர்ந்தால் 7.5 விழுக்காட்டில் கட்டணமின்றிப் படிக்கலாம். ஆனால் சம்பளத்துக்கு ஆறு ஆண்டு காத்திருக்க வேண்டும். இரண்டையும் மறுபடி விளக்கி, ஒரு வாரம் யோசித்து வாருங்கள் என்று அனுப்பினேன். அப்பாவையும் அழைத்துக்கொண்டு வந்தார்கள். டிப்ளமோ முடித்து வேலை கிடைத்தாலும் மேலே படிக்க வைப்பதாக அவர் என் முன்னால் மகளிடம் சொன்னார். இப்போது அவள் அரசு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் இரண்டாம் ஆண்டு. விடுமுறையில் கணக்கு நோட்டோடு வருகிறாள். அந்த வாக்கு நிற்கிறதா என்பதை அடுத்த ஆண்டு நானும் போய்க் கேட்பேன்.

செய்ய விரும்பும் ஆசிரியர்களுக்கு

தேர்வு முடிவு வந்த பிறகு இந்தப் பாடவேளையை நடத்துவதில் பயன் குறைவு. அப்போது மதிப்பெண் மட்டுமே பேசும். கட்டணம், ஒதுக்கீடு, உதவித்தொகை விதிகளை அந்தந்த ஆண்டின் அரசாணையோடும் சேர்க்கைக் கையேட்டோடும் ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அருகிலுள்ள பாலிடெக்னிக்கின் பணிமனைக்கு ஒரு நாள் பிள்ளைகளை அழைத்துச் செல்ல முடிந்தால் நல்லது. முடிவை மாணவரும் குடும்பமும் எடுக்கட்டும். எந்த வரிசையைத் தேர்ந்தாலும், எந்தக் கட்டத்தில் நிற்கக்கூடும், அங்கிருந்து மேலே போக யார் துணை என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவர்களிடம் பதில் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுவிடுங்கள்.