பிக்கப்பைக் கடைசியில் பாருங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் செடானை விற்பவர் சாவியை நீட்டும்போதே, "சார், பிக்கப் பாருங்க" என்பார். நான் அதைக் கடைசியில்தான் பார்ப்பேன். 2004 வாக்கில் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா வி.ஆர்.எஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1.8 லிட்டர் டர்போ, 20 வால்வு, 150 குதிரைத்திறன், ஐந்து கியர். எஞ்சின் பாதி தேய்ந்திருந்தாலும் மூன்றாவது கியரில் ஆளை சீட்டோடு அழுத்திவிடும். அந்த சுகத்தில் வேறு எதுவும் கண்ணில் படாது.

"நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று போனிலேயே சொல்லிவிடுவேன். போனதும் முதலில் பானட்டில் கை வைப்பேன். சூடாக இருந்தால் காபி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவதுதான் வழக்கம். ஆறிப்போன எஞ்சின் மட்டுமே உண்மை பேசும். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் தவிர, இரண்டு கேம்ஷாஃப்டுகளை இணைக்கும் சின்ன செயின் ஒன்றும் உண்டு. அதன் டென்ஷனர் தளர்ந்திருந்தால் ஸ்டார்ட் செய்த முதல் சில நொடிகள் கடகடவென்று சத்தம் வரும், சூடேறியதும் அடங்கிவிடும். சில நிமிடம் ஐடிலில் விட்டு, சட்டென்று ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது பின்னால் நீலப்புகை வந்தால் டர்போ சீலோ வால்வு சீலோ எண்ணெய் விடுகிறது என்று அர்த்தம்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே கூலன்ட் டேங்க்கைப் பார்த்துவிடுவது நல்லது. உள்ளே இளஞ்சிவப்பு நிறம் இருக்க வேண்டும். செங்காவிக் கலங்கலாக இருந்தால், யாரோ வழியில் குழாய்த் தண்ணீரை ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள். அப்படி ஓட்டியவர் ஃபுல் சிந்தெடிக் ஆயில் மட்டும் ஒழுங்காக மாற்றியிருப்பார் என்று நான் நம்புவதில்லை. மட்டமான ஆயிலில் ஓடிய டர்போ எஞ்சினில் கசடு சேர்ந்து, ஆயில் பம்ப்பின் வடிகட்டியே அடைத்துக்கொள்ளும்.

டைமிங் பெல்ட் மாற்றியதற்கு பில் கேட்பேன். வாய்ப்பேச்சு போதாது. பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வுகளில் இடித்துவிடும். கிலோமீட்டர் குறைவு என்பதும் சமாதானம் ஆகாது, ரப்பருக்கு வயசும் கணக்கு. பெல்ட்டோடு வாட்டர் பம்ப்பையும் மாற்றியிருக்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். நாலும் நாலு வருடத்தில் வந்திருந்தால் ஓனரின் கை இறுக்கம் தெரிந்துவிடும். "டாக்டர் ஓட்டின வண்டி சார்" என்று புரோக்கர் சொல்வதைவிட இதை நம்பலாம். (தமிழ்நாட்டில் விற்பனைக்கு வரும் கார்களைப் பார்த்தால் டாக்டர்கள் வேறு வேலையே செய்வதில்லை போலிருக்கிறது.)

சென்னை வண்டி என்றால் 2015, 2023 வெள்ளங்களை மறக்கக் கூடாது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் அடி நுனியில் சேற்றுக்கறை தெரியும். ஸ்டெப்னி குழியையும் தடவிப் பாருங்கள்.

ரீமேப் செய்த வண்டி என்றதும் ஒதுக்கிவிட மாட்டேன். ஆனால் நான்காவது கியரில் மெதுவாகப் போகும்போது முழுக்க மிதித்துப் பார்ப்பேன். ஆர்.பி.எம். மட்டும் ஏறி வேகம் கூடாவிட்டால் கிளட்ச் முடிந்துவிட்டது. கூடவே ஸ்கேனர் உள்ள மெக்கானிக் ஒருவரைக் கூட்டிப்போவது அவசியம். பழைய பிழைகளை முந்தின நாள் ராத்திரியே அழித்திருப்பார்கள் என்பதால், நல்ல ஓட்டம் ஓடிவந்த பிறகு ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள்.

பேப்பர் விஷயம் சுருக்கமாக: ஆர்.சி.யில் கடன் பதிவு நீங்கியிருக்கிறதா, 15 வருடம் தாண்டியிருந்தால் எஃப்.சி. எடுத்துப் புதுப்பித்திருக்கிறார்களா. அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாயானது. டெல்லியில் பழைய பெட்ரோல் வண்டிகளுக்குக் கெடுபிடி என்பதால் அங்கிருந்து மலிவாக வருபவை உண்டு. என்.ஓ.சி., இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, மறுபதிவு எல்லாம் சேர்த்தால் அந்த மலிவு பெரும்பாலும் நிற்காது.

பெல்ட், பம்ப், கிளட்ச், டயர் இவற்றின் விலையை ஒரு தாளில் எழுதி விற்பவர் முன்னாலேயே கூட்டிக் காட்டுவேன். பேரம் அதற்குப் பிறகுதான்.