கருவிக்குக் குறிப்பு எழுதுவோம்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவன் நான். அதனால் உதாரணமும் அங்கிருந்தே. கொழுந்து நிறுக்கும் இடத்தில் "இன்னைக்கு எவ்வளவு எடை?" என்று கேட்டால் யாருக்கும் குழப்பம் வராது. பச்சைக் கொழுந்து, கிலோவில், சாக்கு எடை கழித்தது. புதுசா வந்தவர் கிராணியிடம் கேட்டுத் தெரிஞ்சுக்குவார்.

ஏஐ ஏஜென்ட்டுக்குப் பக்கத்தில் கிராணி கிடையாது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி முறையில், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்கணும் என்ற அமைப்பு உண்டு. ஏஜென்ட் அதை வைத்துத்தான் கருவியைத் தேர்ந்தெடுக்கும்; உள்ளே ஓடும் நிரலைப் பொதுவாகப் பார்ப்பதில்லை.

சரி, "எடையைத் தரும்" என்று மட்டும் எழுதினால்? ஒரு கிலோ தூளுக்குச் சுமார் நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேணும். எது எந்த எடை என்று ஏஜென்ட் ஊகித்தால், கிலோ கணக்கில் போடும் கூலி என்னாகும்?

இப்படி எழுதிப் பாருங்க:

"ஒரு தொழிலாளி ஒரு நாளில் பறித்த பச்சைக் கொழுந்தின் நிகர எடையைக் கிலோவில் தரும். தேதி: ஆண்டு-மாதம்-நாள். தூளின் எடைக்குப் பயன்படுத்த வேண்டாம். பதிவு இல்லையென்றால் 'பதிவு இல்லை' என்று வரும். அதைப் பூஜ்ஜியமாக எடுக்கக்கூடாது."

தேதி சின்ன விஷயம் இல்லை. 05/06 நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6. ஆனால் பலர் விட்டுவிடுவது கடைசி வரியைத்தான். நிறுத்தும் பதிவாகாத ஒரு நாள், பூஜ்ஜியமானால் வேலைக்கே வராத நாளாகிவிடும்.

எழுதியதும், நிரலைப் பார்க்காத நண்பரிடம் குறிப்பை மட்டும் கொடுங்க. அவர் என்ன கேட்கிறாரோ, அதற்கான பதிலைக் குறிப்பில் சேருங்க.